மஞ்சள் லாரியின் நிலைக்காட்சி

2078 மார்ச் 3.

இன்று ஒரு பிழை செய்தேன். மூன்றாவது பாட்டில் புல்லாங்குழல் வராது என்று அறிவித்தேன். வந்தது. வராமல் போனது வயலின். முதல் வரிசையில் இருந்த ஒருவர், புல்லாங்குழல் இல்லாத பாட்டை எதற்குக் கேட்பது என்று தட்டு வடை செட் வாங்க வெளியே போய்விட்டார். பாட்டின் கடைசி அடியில் திரும்பி வந்து என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

எழுதி முடித்த பிறகு, அவர் உட்கார்ந்திருந்தது முதல் வரிசைதானா என்று செம்மலருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாம் வரிசை. அடித்துத் திருத்தினாள். ஒரு நாளைக்கு ஒரு பிழை போதும், அதை எழுதும்போது இன்னொன்று வேண்டாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜெயராணி டாக்கீஸின் விடுபாட்டு அறிவிப்பாளர் அவள். பழைய படம் தொடங்குவதற்கு முன் திரையின் முன்னால் வந்து நின்று, இன்றைக்கு எதெல்லாம் வராது என்று சொல்வதுதான் வேலை. கதாநாயகனின் மீசை வராது. இரண்டாம் சண்டையில் அடி விழும், சத்தம் வராது. தாசில்தார் வருவார், அவர் முகம் வராது. சனங்கள் உச்சுக்கொட்டுவார்கள், யாராவது ஒருவர் "டிக்கெட்டாவது முழுசா வருமாம்மா?" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு பல் போன வாய்க்குப் பழகுவதுபோலப் பழகிக்கொண்டு படம் பார்ப்பார்கள். ஓட்டையில்லாத பழைய படத்தை அவள் வயதுக்காரர் எவரும் பார்த்ததில்லை.

ஒரு காலத்தில் படத்தின் உரிமை ஏரியா ஏரியாவாகத்தான் பிரிந்திருந்தது. சேலம் ஒருவருக்கு, கோயம்புத்தூர் இன்னொருவருக்கு, மதுரை வேறொருவருக்கு. அப்புறம் படம் வேறு, பாட்டு வேறு என்றானது. அப்புறம் முகம், குரல், பின்னணியில் ஓடும் நாய் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே விலைபோனது. ஒரு பழைய படத்தை மறுபடி வெளியிட ஊர்ப்பட்ட பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும், ஒருவர் முறுக்கிக்கொண்டால் படமே பெட்டிக்குள் கிடக்கும் என்ற நிலை வந்தபோதுதான் கூறுரிமைச் சட்டம் பிறந்தது. சட்டம் படத்தைக் காப்பாற்றியது உண்மை. பங்குதாரர் ஒருவர் மறுத்தால் இனிப் படம் நிற்காது. அவருடைய பங்கு மட்டும் படத்திலிருந்து விலகிக்கொள்ளும்.

ஏமாற்றிப் பார்க்கவும் வழியில்லை. ஒலி காதில் செருகிய செவிப்பூவுக்குள் போகிறது, காட்சி கண்ணில் ஒட்டிய விழிப்படலத்தில் விழுகிறது. இரண்டும் அவரவர் பிறந்த ஏரியாவின் பேரில் பதிவானவை. சேலத்தில் பிறந்தவர் சென்னைக்கே போய்ப் படம் பார்த்தாலும், சேலத்துக்கு மறுக்கப்பட்டது அவருக்கும் மறுக்கப்பட்டதுதான்.

செம்மலருக்கு மறுக்கப்பட்டது அவள் அம்மாவின் குரல்.

அம்மா மிருதுளா டப்பிங் கலைஞர். 'மஞ்சள் லாரி' படத்தில் தொப்பூர் மலைப்பாதையில் லாரி ஓட்டும் கதாநாயகிக்குப் பேசியவர். செம்மலருக்கு இரண்டு வயதானபோது காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய குரலின் சேலம் பங்கை வைத்திருப்பவர் விநியோகஸ்தர் கிஷோர். குரல் பங்கு என்றால் அந்தக் குரல் எங்கெங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம் செல்லும். அதனால் வீட்டிலிருக்கும் பழைய காணொலியிலும் அம்மா தொட்டிலை ஆட்டுகிறார், வாய் அசைகிறது, ஒலி வருவதில்லை. எல்லா மறுவெளியீட்டிலும் கிஷோர் மறுத்தார். செம்மலர் ஐந்து வயதிலிருந்து 'மஞ்சள் லாரி'யைப் பார்க்கிறாள். கதாநாயகி ஊமையாக ஸ்டியரிங்கைத் திருப்புவாள். பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பெண் வாய் ஓயாமல் பேசுவாள். "பிரேக்க மிதிக்காதக்கா, நான் இருக்கேன்ல!" என்று அது கத்தும்போது தியேட்டரே கைதட்டும். செம்மலர் மட்டும் தட்டமாட்டாள். அந்தச் சின்னப் பெண்ணாக நடித்தது கிஷோரின் மகள் சஞ்சனா. என் அம்மா வாயை மூடிவிட்டு உன் மகளை மட்டும் பேச வைக்கிறாயா என்று ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பல்லைக் கடித்தே வளர்ந்தவள் வேறு எங்கே போவாள்? மாலை வகுப்பில் கூறுரிமையியல் படிக்கச் சேர்ந்தாள். ஒவ்வொரு விதியையும் இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் அடிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆனால் கிஷோருக்கு வலிக்கக்கூடிய ஒன்று தன் கைக்கு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்தவன் பக்கத்து பெஞ்சு அத்தியப்பன், நாமக்கல் முட்டைப் பண்ணைக்காரர் வீட்டுப் பையன்.

"ஏ மலரு, எங்க தாத்தா வெச்சிட்டுப் போன பங்கு மூட்டையைப் பிரிச்சேன். முட்டைக்கு விளம்பரம் ஆகும்னு கண்டதையும் வாங்கிப் போட்டிருக்காரு. ஒரு படத்துல வர்ற எருமை மாடு இப்ப நம்முளுது."

"எந்தப் படம்?"

"அது தெரியல. எருமை நல்லாத்தான் இருக்குது. அப்புறம் மஞ்சள் லாரியில வாயாடிட்டே வருமே ஒரு சின்னப் புள்ள, அது. உருவும் ஒலியும், சேலம் ஏரியா. எங்க தாத்தா யாரையும் மறுத்ததே இல்ல. அதான் அந்தப் புள்ள இன்னும் கத்திட்டே கெடக்குது."

செம்மலர் பேனாவைக் கீழே வைத்தாள். "அதை எனக்குக் குடுத்துடு."

"சும்மாவா?"

"அடுத்த பரிட்சை வரைக்கும் உன் வீட்டுப்பாடம் பூரா நான் எழுதறேன்."

அத்தியப்பன் யோசிக்கவேயில்லை. "எருமையையும் சேத்து வெச்சுக்க. நம்மளுக்கு எருமை வேண்டாம்."

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. 'மஞ்சள் லாரி' வெளியாகி இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது, சேலம் ஏரியாவின் நிலைக்காட்சி ஜெயராணி டாக்கீஸில், ஞாயிறு காலை. நிலைக்காட்சி என்பது சட்டத்தின் கடைசி வாசல். பங்குதாரர் எல்லோரும் அன்று நேரில் வந்து இசைவுப் பலகையில் கை வைக்க வேண்டும். அன்று சம்மதித்தவை எல்லாம் பொதுச்சொத்து. அதன் பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்று மறுக்கப்பட்டவை கரைக்கப்படும். அந்த ஏரியாவில் பிறந்தவர்களுக்கு அவை பிறக்காதவையாகிவிடும்.

கிஷோரின் மகள் கல்லூரிப் படிப்பு முடிக்கும் முன்பே விபத்தில் இறந்தது ஊருக்கே தெரிந்த செய்தி. அவள் நடித்தது அந்த ஒரே படம்.

வெள்ளிக்கிழமை செம்மலர் ஐந்து ரோட்டில் இருந்த அவர் அலுவலகத்துக்குப் போனாள். என்ன பேச வேண்டும் என்று பேருந்தில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எழுபதைத் தாண்டிய மனிதர், வெள்ளைச் சட்டையின் கையை மடிக்காமல் பொத்தான் போட்டிருந்தார். மேசைமேல் சஞ்சனாவின் படம், லாரிக்குள் உட்கார்ந்து சிரிக்கிற சின்ன வயதுப் படம்.

"யாரு, மிருதுளா மகளா? மூக்கு அப்படியே இருக்குது. வாயும் அப்படியேதானா?"

"வாய் பேசத்தான் வந்திருக்கேனுங்க அய்யா."

"பேசு. அவளுக்கும் அதான் வியாதி. வேண்டாங்கறப்ப பேசுவா, வேணுங்கறப்ப மாட்டேம்பா." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பொங்கலுக்கு ஒரு படம் வரணும். மைக் முன்னால போயி உக்காந்துக்கிட்டு, எங்க குரல்ல எங்களுக்குப் பங்கு குடுத்தாத்தான் பேசுவோம்னா. மத்தவங்களையும் கிளப்பி வுட்டா. பொங்கல் போச்சு. தியேட்டர்க்காரன் அத்தன பேரும் என் சட்டையைப் புடிச்சான். அன்னைக்கு முடிவு பண்ணுனேன். பேச மாட்டேன்னுதான சொன்ன, சேலத்துல நீ இனி பேசவே வேண்டாம்."

"அவங்க செத்துப்போயி இருபத்திரெண்டு வருசம் ஆச்சுங்க."

"நான் சாகலையே."

செம்மலருக்கு மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் மறந்துவிட்டது. கடைசி வாக்கியம் மட்டும் மிச்சம் இருந்தது. "மஞ்சள் லாரியில வர்ற சின்னப் பொண்ணோட பங்கு இப்ப எங்கிட்ட இருக்குங்க."

கிஷோர் மகளின் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது பொங்கல் கடன்ல நான் வித்து, நாமக்கல் முட்டைக்காரன்கிட்ட இருக்குது."

"இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க ஆமான்னு கை வெச்சா நானும் ஆமாம். நீங்க இல்லைன்னா நானும் இல்லை."

"அந்தப் பங்குல என்ன இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"உங்க பொண்ணு இருக்காங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். "ஆமாம். எம்பொண்ணுதான் இருக்கா." படத்தை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வா, பாத்துக்கலாம்" என்றார்.

பாத்துக்கலாம் என்றால் என்ன பொருள்? சம்மதமா, சவாலா? இரண்டு நாளும் செம்மலர் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முதலில் சம்மதம் என்று தோன்றியது. பிறகு, அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார் என்று தோன்றியது.

ஞாயிறு காலை தியேட்டர் நிரம்பி வழிந்தது. திரைக்கு முன்னால் இசைவுப் பலகை, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நிலைக்காட்சியின் முறைப்படி சிறு பங்குகள் முதலில், பெரும் பங்குகள் கடைசியில். லாரியின் ஹாரனுக்குச் சொந்தக்காரர் பச்சையில் கை வைத்தார், கைதட்டல் எழுந்தது. மழைக்குச் சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே வைத்தார்கள். விசில் பறந்தது.

செம்மலரின் முறை கிஷோருக்கு முன்னால் வந்தது. அதுதான் வினை. அவள் பச்சையில் வைத்துவிட்டு, அவர் சிவப்பில் வைத்தால்? அவர் மகள் காலத்துக்கும் கத்திக்கொண்டிருப்பாள், அம்மா காலத்துக்கும் ஊமை. இத்தனை ஆண்டு மறுத்தவர் இன்றைக்கு மட்டும் ஏன் மாறப்போகிறார்? வரிசையில் பின்னால் நின்ற கிஷோரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். ஏமாந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு என்று அவளுக்குப் பட்டது. உள்ளே ஏதோ ஒன்று கட்டறுத்துக்கொண்டது.

சிவப்பில் கையை வைத்தாள். வைத்ததோடு நிற்காமல் அழுத்தினாள்.

கூட்டம் "அடடா!" என்று ஒரே குரலில் வருந்தியது. அவளுக்கு வருத்தமில்லை. வெயிலில் நடந்து வந்தவன் தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோல இருந்தது. இரு, நீயும் ஒரு வெற்று இருக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு.

கிஷோர் பலகையின் முன் வந்தார். அவருடைய கை பச்சைக்கு நேர் மேலே இருந்தது. அதை அவள் பார்த்தாள். தியேட்டரே பார்த்தது. அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே, கையைக் குறுக்கே நகர்த்திச் சிவப்பில் வைத்தார்.

படம் ஓடியது. மஞ்சள் லாரி தொப்பூர் இறக்கத்தில் உறுமிக்கொண்டு வந்தது. கதாநாயகி பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே ரெக்சின் உறை மட்டும் இருந்தது. அவள் வாயசைத்து ஏதோ கேட்டாள், யாருமில்லாத இடத்திலிருந்து வராத பதிலுக்குத் தலையாட்டினாள், சிரித்தாள். கைதட்டல் எழுந்து பழகிய இடத்தில் யாரும் கைதட்டவில்லை. செம்மலர் திரையைப் பார்க்கவேயில்லை. ஓரத்தில் நின்று கிஷோரைப் பார்த்தாள். அவர் இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அந்த ரெக்சின் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் போதவில்லை.

இடைவேளையில் அவர் எழுந்து அவளிடம் வந்தார்.

"சந்தோசமா கண்ணு?"

"ஆமாங்க."

"எம்பொண்ணு திக்குவா." சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருந்தும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துரும் அவளுக்கு. படத்துல வாய மட்டும் அசைச்சா. பேசுனது உங்கம்மா."

செம்மலர் கையிலிருந்த விடுபாட்டுப் பட்டியலை மடித்தாள்.

"சண்டைக்கு முந்தி அது. கதாநாயகிக்குப் பேசி முடிச்ச கையோட, குரலை மாத்தி எம்பொண்ணுக்கும் பேசுனா. அந்தக் காலத்துல ஒருத்தரே ரெண்டு பேருக்குப் பேசறது சாதாரணம். வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். சஞ்சனா குரல்னே பதிஞ்சேன், அதனாலதான் எந்த மிசினும் கண்டுபுடிக்கல. அந்தச் சத்தியத்த அவ கடைசி வரைக்கும் மீறல. எங்கூட அத்தன சண்டை போட்டும் மீறல."

"பொய் சொல்றீங்க."

"பொய்யாவே வெச்சுக்க. உங்கம்மா குரலை நான் பாதிதான் மூடுனேன். மீதியை நீ மூடிட்ட."

தட்டு வடை செட்டுத் தட்டுகளோடு ஒரு குடும்பம் அவர்களை விலக்கிக்கொண்டு போனது. செம்மலரின் காதுக்குள் அந்தக் கத்தல் எழுந்தது. பிரேக்க மிதிக்காதக்கா, நான் இருக்கேன்ல. பள்ளிக்கூடத்தில் தோழிகளைச் சிரிக்க வைக்க அவள் கோணல் வாயோடு அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஆனால் நினைவில் எழுந்தது அவளுடைய கோணல் குரல்தான். மூலம் எப்படி இருந்தது என்று பிடிக்கப் பார்த்தால் நழுவியது. வெறுத்துக்கொண்டே கேட்டவள் எங்கே காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்?

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"எம்பொண்ணு திக்குவாய்னு உங்கிட்டச் சொல்லணுமா நான்?" அவர் முகம் சிவந்தது. பிறகு அதே முகம் மெல்லத் தளர்ந்தது. "எம்பங்கு கை வெச்ச உடனே கரைஞ்சு போச்சு, பெரும் பங்கு அப்படித்தான். சிறு பங்குக்கு ஒரு நாள் தவணை உண்டு. மூட்டை மூட்டையா வாங்குறதுல எருமைக்கு பதிலா குதிரைய அழிச்சுடக் கூடாதுன்னு, கரைக்கறதுக்கு முந்தி ஒருக்கா முழுசா ஓட்டிக் காட்டுவாங்க. பங்குக்காரரும் ஒரு சாட்சியும் பாக்கலாம். நீ படிச்சிருப்ப."

படித்திருந்தாள். இரண்டு முறை எழுதிப் பார்த்த விதி. வைத்த கையை மாற்ற முடியாது, பங்கு இதுதானா என்று மட்டும் பார்க்கலாம்.

"என்னைய சாட்சியா கூட்டிட்டுப் போ கண்ணு. ஒரே ஒருக்கா அவளைப் பாத்துக்கறேன்."

ஊரில் யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதர், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். மணி அடித்தது. இரண்டாம் பாதிக்கான விடுபாடுகளைச் சொல்ல வேண்டும். செம்மலர் திரையை நோக்கி நடந்தாள். வரிசையாக அறிவித்தாள். பிழை எதுவும் இல்லை.

மாலையில் கொண்டலாம்பட்டி வீட்டில் அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். செம்மலரை வளர்த்தவர் அவர்தான், அப்பாவின் அக்கா. தம்பி மனைவியைச் சினிமாதான் அலைக்கழித்துத் தின்றுவிட்டது என்ற கோபத்தில், மிருதுளா இறந்த நாளிலிருந்து ஒரு படமும் பார்க்காதவர். 'மஞ்சள் லாரி'யையும் பார்த்ததில்லை. ஆனால் மிருதுளாவோடு ஒரே வீட்டில் இருந்தவர், அவர் குழந்தையிடம் குழைந்து பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்.

செம்மலர் கதவோரத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அத்தை, அம்மா குழந்தை மாதிரி குரலை மாத்திப் பேசுவாங்களா?"

அரிசிப் பாத்திரத்தில் அத்தையின் கை நின்றது. "உன்னத் தூங்க வெக்கறப்ப பேசுவா. இப்ப எதுக்கு அது?"

"சும்மாத்தான்."

அவள் நாட்குறிப்பைத் திறந்தாள்.

மார்ச் 13.

நாளை காலை பத்து மணிக்குக் கரைப்பு அலுவலகம் போக வேண்டும். ஒரு சாட்சிக்குத்தான் இடம். அத்தையை ஒன்பதுக்கே கிளப்ப வேண்டும். சினிமா வேண்டாம் என்பார். பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும், அது அம்மாவா இல்லையா என்று சொன்னால் போதும் என்று சொல்ல வேண்டும். கிஷோர் அய்யாவுக்குப் பதில் அனுப்ப வேண்டியதில்லை. அத்தை சொன்ன பிறகு, பங்கு இதுதான் என்று அங்குள்ள பலகையில் கை வைத்துவிட்டு, இரண்டாம் ஆட்டத்துக்கு வேலைக்குப் போக வேண்டும்.